வலியை மட்டும் பாடச் சொல்ல நீங்கள் யார்?

2021 ஜனவரி 30 அதிகாலை, ஏதென்ஸ் நகரில், முழுநிலவைப் பார்க்க உயரத்தில் ஏறிய ஒருவர் கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். பெயர் சோஃபி. 1986இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். திருநங்கை. மின்னணு பாப் இசையின் தயாரிப்பாளர். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அங்கே அந்தச் சொல் ஒரு பாட்டின் ஒலியை அடி முதல் நுனி வரை கட்டுகிறவரைக் குறிக்கும். அப்படிக் கட்டியவர்களில் இந்த நூற்றாண்டில் சோஃபிக்கு நிகராகச் சிலரைத்தான் சொல்ல முடியும்.

தலித் அரசியல் பேசும் இடத்தில் ஒரு வெள்ளைக்கார பாப் இசைக்காரருக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 2013 முதல் சாகும்வரை சோஃபியைத் துரத்திய ஒரு கட்டளை இன்று நம் பிள்ளைகளையும் துரத்துகிறது. "முதலில் நீ யார் என்று சொல். உன் வலி என்ன என்று சொல். அப்புறம் உன் கலையைப் பார்க்கலாம்." இதை நமக்கு எதிரே நிற்பவர்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. நமக்கு மேடை போட்டுத் தருபவர்களும், நம்மைப் பாராட்டிக் கட்டுரை எழுதுபவர்களும், நம் கூடவே ஊர்வலம் வருபவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தன்னைக் குறிக்க அவன், அவள் என்ற எதுவுமே வேண்டாம், பெயர் போதும் என்று சோஃபி விரும்பியதாக இறப்புக்குப் பின் அவர் தரப்பினர் தெரிவித்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் திணறின. தமிழில் நமக்கு 'அவர்' இருக்கிறது, ஆண் பெண் கேட்காத சொல். ஆனால் அறுபது வயதுத் தாத்தாவை ஆறு வயதுப் பையன் 'வாடா போடா' என்று கூப்பிட்ட தெருக்களிலிருந்து வருகிறவர்கள் நாம். இந்த 'அவர்' யாருக்கும் சும்மா கிடைத்ததில்லை என்பது நமக்குத் தெரியும். பெயர் போதாத இடத்தில் மட்டும் அதை இங்கே பயன்படுத்துகிறோம்.

2013இல் கிளாஸ்கோவின் 'நம்பர்ஸ்' என்ற சிறிய இசை நிறுவனம் 'பிப்' என்ற பாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'லெமனேட்'. பாட்டைச் செய்தவரின் முகம் யாருக்கும் தெரியாது. படங்கள் இல்லை, பேட்டிகள் மிகக் குறைவு. பாடுவதும் வேறு குரல்கள், அதுவும் சுருதி ஏற்றப்பட்டு, பொம்மை பேசுவது போல. ஒருமுறை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான இசை நிகழ்ச்சியில், பெண் வேடமிட்ட கலைஞர் ஒருவரை இசைப் பலகைக்கு முன் நிற்கவைத்துவிட்டு, பக்கத்தில் காவலாள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார் சோஃபி. பார்த்தவர்கள் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்த ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோஃபியைப் பற்றி எழுதுகிற பலரும் தாண்டிப் போகிற இடம் இது. இன்றைக்குக் கணினியில் இசை செய்பவர்களில் பெரும்பாலோர் 'சாம்பிள்' எடுக்கிறார்கள். எங்கோ யாரோ அடித்த முரசின் பதிவை எடுத்து, வெட்டி, ஒட்டி வேலை செய்வார்கள். தப்பில்லை, அதுவும் ஒரு கலை. சோஃபி அந்த வழியில் போகவில்லை. முரசு வேண்டுமா, ஒரு வெறும் அலையை எடு. சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் 50 ஹெர்ட்ஸுக்குச் சரியவிடு. காதுக்கு அது முரசு. சோடா நுரை வேண்டுமா, அதே அலையை மேல்நோக்கி விரைவாக ஏற்று. தண்ணீரில் குமிழி மேலே வந்து உடைவது போலவே கேட்கும். உலோகம் வேண்டுமா, ஒன்றோடொன்று ஒட்டாத அதிர்வெண்களை ஒன்றாகக் கலந்து மோதவிடு. சுவீடன் நிறுவனமொன்று செய்த 'மோனோமெஷின்' என்ற சின்னப் பெட்டி அவருடைய முக்கியக் கருவி. ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, எஃகு என்று உலகத்தில் இருக்கும் பொருள்களும் இல்லாத பொருள்களும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தன. இசைக்கருவி என்றால் மரமும் தோலும் கம்பியும்தான் என்று யார் சொன்னது, ஏன் அதோடு நிற்க வேண்டும் என்பதே அவர் வேலையின் அடிப்படை.

இதையெல்லாம் கேட்டவர்கள் என்ன எழுதினார்கள்? ஒலியைப் பற்றிக் கொஞ்சம் எழுதினார்கள். மீதியெல்லாம், இது யார் என்ற துப்பறிதல். பெண் பெயரை வைத்துக்கொண்டு ஒரு ஆண் பெண்மையைத் திருடுகிறான், பெண் குரல்களைப் பொம்மையாக்கிச் சம்பாதிக்கிறான் என்று குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். வாசித்தவர்கள் பிற்போக்காளர்கள் இல்லை. முற்போக்குப் பத்திரிகைகள், சக இசைக்கலைஞர்கள். ஆண்கள் நிறைந்த ஒரு துறையில் பெண்களின் இடத்தைப் பற்றிய அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் கையிலிருந்த சான்று என்ன? முகம் காட்டாத ஒருவர் ஆணாகத்தான் இருப்பார் என்ற ஊகம். அந்த ஊகத்தின் மேல் ஒரு வழக்கு.

2017 அக்டோபரில் 'இட்ஸ் ஓகே டு க்ரை' வெளிவந்தது. முதல்முறையாக சோஃபியின் சொந்தக் குரல், சொந்த முகம், வானத்தின் முன்னே வெற்று மார்புடன். அதை ஒட்டி வந்த பேட்டிகளில் தன் பாலினத்தைப் பற்றிப் பேசினார். வழக்குப் போட்டவர்கள் வழக்கை வாபஸ் வாங்கினார்களா? சத்தமில்லாமல் கோப்பை மூடினார்கள். அடுத்த நாளிலிருந்து வேறு பாட்டு: "துணிச்சல்", "தன்னைக் கண்டடைந்த பயணம்", "திருநர் அடையாளத்தின் குரல்". நேற்றுவரை திருட்டு, இன்றிலிருந்து வாக்குமூலம். இரண்டுக்கும் நடுவே, ஒரு அலையைப் பிடித்து எஃகாக்கிய மனிதரின் உழைப்பு எங்கே போனது?

ஒரு கணக்குச் சொல்கிறோம். 2016இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாடகிக்கு 'வ்ரூம் வ்ரூம்' என்ற நான்கு பாட்டுத் தொகுப்பைச் செய்துகொடுத்தார் சோஃபி. அமெரிக்காவின் 'பிட்ச்ஃபோர்க்' இதழ் அதற்குப் பத்துக்கு 4.5 போட்டது. 2021இல், சோஃபி இறந்த அதே ஆண்டில், அந்த இதழ் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியது. வ்ரூம் வ்ரூம் 7.8 ஆனது. பாட்டில் ஒரு நொடிகூட மாறவில்லை. இடையில் மாறியது, எல்லாரும் அந்த ஒலியை நகலெடுக்கத் தொடங்கியதும், அதைச் செய்தவர் செத்துப்போனதும்தான். 3.3 மதிப்பெண்ணுக்கு அதுதான் விலை.

இது சோஃபிக்கு மட்டும் நடந்ததில்லை. 1968இல் வெண்டி கார்லோஸ் மூக் சிந்தசைசரில் பாக் இசையை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' வெளியிட்டார். அதற்கு மூன்று கிராமி விருதுகள். மின்னணு இசையைச் சாதாரண மக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். திருநங்கை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார். தொலைக்காட்சிக்குப் போக வேண்டியிருந்தபோது கிருதா ஒட்டிக்கொண்டு போனார். 1979இல் வெளியே சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கேட்பதற்கு அந்த ஒன்றுதான் இருந்தது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம்.

எங்களோடு வாசிக்க வரும் மாணவர் ஒருவர் போனிலேயே இசை அமைக்கிறார். யாரிடமும் கற்கவில்லை, காணொளி பார்த்துக் கற்றார். ஒரு கலை இரவில் அவருக்குப் பத்து நிமிடம் கேட்டோம். அமைப்பாளர் இரண்டு நிமிடம் ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மக்கள் இசை இல்லையே. பறை கத்துக்கிட்டு வாங்க, முதல் நிகழ்ச்சியே உங்களுக்குத்தான்." கெட்ட மனிதர் இல்லை. நம் போராட்டங்களில் அடிவாங்கியவர். அவர் வாயிலிருந்து இது வந்ததுதான் எங்களைக் குடைகிறது. ஒரு பட்டியலினத்துப் பையன் கையில் எதை வைத்திருந்தால் அவன் 'மக்கள்', எதை வைத்திருந்தால் இல்லை என்ற பட்டியலை இவருக்கு யார் எழுதிக் கொடுத்தது?

பறையை நாங்கள் குறைத்துப் பேசுவதாக யாரும் திரிக்க வேண்டாம். பறையின் வரலாற்றை முழுசாகப் பேசுங்கள் என்கிறோம். அது நம் முன்னோருக்குக் கட்டாய ஊழியமாக இருந்தது. ஊர்ச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும். "இனி அடிக்க மாட்டோம்" என்று சொன்ன சேரிகள் ஊர்க் கட்டுப்பாட்டையும் அடியையும் சந்தித்தன. பறையைக் கீழே வைத்தது ஒரு போராட்டம். பிறகு தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்கள் அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. அதுவும் போராட்டம். இரண்டையும் தீர்மானித்தது நாம். எடுப்பதும் வைப்பதும் நம் கையில் இருந்ததால்தான் அது மரியாதை. "உனக்கு இதுதான்" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால், அது எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும், பழைய ஊழியத்தின் வாடை அடிக்கத்தான் செய்யும்.

இலக்கியத்திலும் இதே கதை. நம் ஆட்களிடம் தன்வரலாறு கேட்பார்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அந்த நடை, அந்தப் பேச்சுமொழி, காலவரிசையை உடைத்துப்போட்ட அந்த அமைப்பு, எல்லாமே தமிழ் உரைநடையில் ஒரு துணிகரம். அதைச் 'சாட்சியம்' என்று போற்றியவர்கள் ஏராளம், 'வடிவச் சோதனை' என்று வகுப்பெடுத்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் வடிவத்தை உடைத்தால் பரிசோதனை, நாம் உடைத்தால் யதார்த்தம். மற்றவர்கள் மடிக்கணினியோடு மேடையேறினால் நவீனம், நாம் ஏறினால் வேரை மறந்தவன்.

வேர் என்று சொல்லிவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். மின்னணு நடன இசை யாருடைய வேர்? சின்ன வயதிலேயே சோஃபியை அப்பா ரேவ் கொண்டாட்டங்களுக்கு அழைத்துப் போனார். அந்தப் பிரிட்டிஷ் ரேவ்களில் அதிர்ந்த ஒலி எங்கிருந்து வந்தது? சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும்.

1979 ஜூலை 12, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோ ஒழிக என்று கூட்டம் கூட்டி, இசைத்தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடிவைத்தார்கள். அன்று அங்கே பணியாளாக நின்ற வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பின்னாளில் சொன்னார்: ஆட்கள் கொண்டுவந்து போட்டது டிஸ்கோ தட்டுகளை மட்டுமில்லை, கறுப்பினக் கலைஞர்களின் எந்தத் தட்டு கிடைத்தாலும் போட்டார்கள் என்று. கொளுத்துவதற்கு எப்படிக் கூட்டம் சேர்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வின்ஸ் லாரன்ஸ் 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து எழுதிய 'ஆன் அண்ட் ஆன்', ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்று.

அதே காலத்தில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்ற பெட்டியை விற்றுக்கொண்டிருந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் பெட்டி. கேட்க பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. 1981இல் வந்தது, 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்குப் போன அந்தப் பெட்டி சிகாகோவில் மூன்று கறுப்பின இளைஞர்களிடம் சிக்கியது. திருகக் கூடாத குமிழ்களையெல்லாம் வாசிக்கும்போதே திருகினார்கள். 1987இல் 'ஃபியூச்சர்' என்ற பெயரில் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது, உலகமெங்கும் பரவியது. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸும் டெரிக் மேவும் கெவின் சாண்டர்சனும் கார் ஆலைகளின் நகரத்தில் உட்கார்ந்து எதிர்காலத்தின் ஒலியை யோசித்தார்கள். அதன் பெயர் டெக்னோ. ஒடுக்கப்பட்டவன் எந்திரத்தைத் தொட்டால் ஆன்மாவை இழந்துவிடுவான் என்பவர்களுக்கு, இந்த எந்திர இசையே ஒடுக்கப்பட்டவர்களின் கண்டுபிடிப்பு என்பதைச் சொல்லிவையுங்கள். பணமும் பெயரும் அவர்களுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் பெரிய விழாக்களில் இன்று இந்த இசையை வாசித்துச் சம்பாதிப்பவர்களில் பெரும்பாலோரின் நிறம் வேறு.

சோஃபியும் வெள்ளையர்தான். அந்தக் கடன் அவர் கணக்கிலும் இருக்கிறது. அதோடு, 'லெமனேட்' 2015இல் மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் ஒலித்தது. அதே ஆண்டு வந்த தொகுப்பின் பெயரே 'பிராடக்ட்', அதாவது சரக்கு. அதோடு சிலிக்கான் பொருளொன்றையும் செருப்பையும் சேர்த்து விற்றார்கள். மடோனாவுக்குப் பாட்டுச் செய்தார். சந்தையைக் கேலி செய்கிறாரா, சந்தைக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறாரா என்று அப்போதே கேட்டார்கள். இரண்டும்தான் என்பது எங்கள் முடிவு, அந்த விளம்பரம் எங்களுக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே வருடங்களில் அதே மாதிரி விளம்பரங்களுக்கு இசை கொடுத்த எத்தனையோ ஆண்களிடம் யாரும் "நீ உண்மையில் யார்?" என்று கேட்கவில்லை. அவர்கள் தொழில் செய்தார்கள், அவ்வளவுதான்.

2018 ஜூனில் வந்த முழு இசைத்தொகுப்பு 'ஆயில் ஆஃப் எவ்ரி பேர்ல்ஸ் அன்-இன்சைட்ஸ்'. அதை ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசிவரை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். 'ஃபேஸ்ஷாப்பிங்' பாட்டில் உலோகத் தகடு கிழிவதும், நடுவில் திடீரென்று தேவாலயப் பாட்டுப்போல ஒரு குரல் எழுவதும், மறுபடி தகடு கிழிவதும். 'இம்மெட்டீரியல்' என்ற பாட்டு வெறும் குதூகலம், திருவிழா. உடம்பு, பெயர், பிறந்த இடம் எதுவும் என்னைக் கட்டாது என்று துள்ளுகிற பாட்டு. பிறப்பே விலங்காகிப்போன சமூகத்திலிருந்து அதைக் கேட்கிறவர்களுக்கு அது வேறு விதமாகக் கேட்கும். எங்களுக்குக் கேட்டது. அந்தத் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. பாதியில் விட்டுப்போன வேலைகளைச் சகோதரர் பென்னி லாங் முடித்து 2024 செப்டம்பரில் வெளியிட்டார். அது எங்களை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை.

அம்பேத்கர் கோட்டு சூட்டோடு நிற்பதைப் பார்த்து இன்றும் சிலருக்கு உறுத்துகிறது. காந்தியின் அரைவேட்டி எளிமையாம், இவருடைய சூட்டு அந்நியமாம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எல்லாரும் கிராமத்தைப் போற்றிக்கொண்டிருந்தபோது, அது அறியாமையின் குகை என்று எழுந்து சொன்னவர் அவர். மரபு நம்மை எங்கே நிற்கவைத்தது என்று தெரிந்தவரின் பேச்சு அது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதற்கும் முன்னால், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். அச்சு எந்திரத்தைத் தொட அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, "உங்களுக்கு வாய்மொழி மரபுதானே அழகு" என்று சொன்னவர்களிடம் நிற்கவும் இல்லை.

2018 ஜனவரி 6 அன்று சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக ஒலித்தன. அந்தக் கதவு திறந்து இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. அது கோபத்தைப் பாடியது, பாட வேண்டியிருந்தது, இனியும் வேண்டும். ஆனால் வேங்கைவயலைப் பற்றி எழுதாத பாட்டு, எதைப் பற்றியும் எழுதாத பாட்டு, சொற்களே இல்லாமல் சோடா நுரை மாதிரி பொங்கும் பாட்டு, அதையும் நம் வீட்டுப் பெண்ணோ பையனோ செய்யட்டும். அது எந்தக் கட்சிக்குப் பயன்படும் என்று கேட்காதீர்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் முக்கால் மணி நேரம் ஒரே ராகத்தை ஆலாபனை செய்பவரிடம் அது யாருக்குப் பயன்படும் என்று யாரும் கேட்பதில்லை. சொல் இல்லாத ஒலிக்குள் திரிகிற உரிமையை அவர்கள் பிறவியிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே, வரும் ஏப்ரல் 14க்கு விழா எடுக்கும் மாணவர் அமைப்புகளுக்கு எங்கள் கோரிக்கை இது. துண்டறிக்கையில் பறையாட்டத்துக்குப் பிறகு, தலைவர்கள் உரைக்கு முன்பு, கூட்டம் கலையாத நேரத்தில், மடிக்கணினியோடோ போனோடோ வருகிற ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவரிடம் சாதிச் சான்றிதழும் கேட்க வேண்டாம், சோகக் கதையும் கேட்க வேண்டாம். அறிமுகத்தில் பெயரும் பாட்டின் தலைப்பும் போதும். அப்புறம், கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதில் 50 ஹெர்ட்ஸ் வராது. வாடகைக்குச் சப்-வூஃபர் கிடைக்கும், இரண்டு எடுத்து வையுங்கள்.